தங்கூசியில் ஒரு ப்ளூஸ்

எனக்கு எலக்ட்ரிக் கிடார் நன்றாகவே வாசிக்கத் தெரியும். பழவேற்காட்டில் எங்கள் குப்பத்துக்குப் போய் இதைச் சொல்லிவிடாதீர்கள். சிரித்தே உங்களை பஸ் ஏற்றிவிடுவார்கள்.

இருபத்தொரு வயதில் எனக்கு இருந்த ஒரே பைத்தியம் ப்ளூஸ் டோன், அமெரிக்கக் கறுப்பர்களின் சோக இசைக்கான கிடார் சத்தம். (சாப்பாடு, வேலை எல்லாம் அதற்கப்புறம்.) ஆம்ப்ளிஃபயரில் கெயினைக் கொஞ்சமாக வைத்து, வால்யூமை ஏற்றி, ட்ரெபிளை இறக்க வேண்டும். மெல்லத் தொட்டால் சுத்தமாக வரும். அழுத்தினால் அழுது தொண்டை கட்டியவன் பேசுவதுபோல லேசாக உடையும். ஆறு மாதம் திருகித் திருகி அந்த இடத்தைப் பிடித்து, மறக்காமலிருக்கத் தங்கச்சியின் நெயில் பாலிஷால் ஆம்ப்ளிஃபயர் குமிழ்களில் புள்ளி வைத்திருந்தேன்.

சென்னையில் ஒரு பேண்டுக்கு ஆள் தேவைப்பட்டது. அதை நடத்துபவர், டச்சுக்காரர் கல்லறை பார்க்க ஞாயிறன்று வருவதாகவும், அப்படியே என் வாசிப்பைக் கேட்பதாகவும் போனில் சொன்னார். நைனா தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"அவரு கூட்டினு போனா போ. இல்லன்னா திங்கக்கெழம மீஞ்சூர் கம்பெனி வேலை. அப்பால இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

உப்புக் காற்றில் கம்பிகள் பதினைந்து நாள்கூடத் தாங்காது. சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு அறுந்தன. புதுக் கம்பிக்குச் சென்னைக்குத்தான் போக வேண்டும். வேறு எவனாக இருந்தாலும் தலையில் கை வைத்திருப்பான். நான் மீன் பிடிக்கிறவர் மகன்! வீடு முழுக்கத் தங்கூசி, தூண்டிலுக்குக் கட்டும் நைலான் நரம்பு. அதற்கு ஜென்மத்துக்கும் துருப்பிடிக்காது. மெல்லிசிலிருந்து தடிமன்வரை ஆறு எடுத்து மாட்டினேன். பழைய கம்பிகளைப் பந்தாகச் சுருட்டி, சனியன் ஒழிந்தது என்று வாசலுக்கு எதிரே இருக்கும் ஏரியில் வீசினேன். கரண்ட் இல்லாததால் கிடார் மரத்தில் காதை வைத்துக் கேட்டேன். தேனாக இருந்தது.

கம்பிகளுக்கு அடியில், சத்தத்தைப் பிடிக்கும் பிக்கப்புக்குள் காந்தம் இருப்பது எனக்குத் தெரியும். எதற்காக இருக்கிறது என்றுதான் யோசிக்கவில்லை.

மறுநாள் பேண்ட்காரர் வந்து உட்கார்ந்த பிறகுதான் கரண்ட் வந்தது. கடலுக்குப் போகாமல் நைனா வெள்ளைச் சட்டையில் நின்றார். பாதிக் குப்பம் கூடியிருந்தது. நான் புள்ளிக்குப் புள்ளி திருகி வைத்து, கண்ணை மூடி, உலகத் துக்கத்தையெல்லாம் முகத்தில் வரவழைத்துக்கொண்டு வாசித்தேன். நெளிந்தேன். உதட்டைக் கடித்தேன். ஆம்ப்ளிஃபயர் 'ம்ம்ம்' என்றது. வாசிக்கிற மும்முரத்தில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

"இன்னாடா, எப்ப ஆரம்பிப்ப?" என்றாள் அம்மா.

கண்ணைத் திறந்தேன். வால்யூமைக் கடைசிவரை முறுக்கினேன். இன்னும் பெரிய 'ம்ம்ம்'.

பேண்ட்காரர் எழுந்து வந்து நரம்பைத் தொட்டுப் பார்த்தார். "என்ன தம்பி இது?"

நைனா முந்திக்கொண்டார். "தங்கூசி சார்! இருவது கிலோ மீனு மாட்னாலும் அறுவாது."

"மீனுக்குச் சரிங்க. இந்தக் காந்தத்துக்கு இரும்புக் கம்பிதான் கேக்கும்." அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. "பழைய கம்பி இருந்தா மாட்டுங்க, இருக்கிறதை வாசிங்க. கேட்டுட்டே போறேன்."

ஏரியைக் கை காட்டினேன்.

"எந்த எடம்?" என்றார் நைனா. வெள்ளைச் சட்டையோடு இறங்கிவிட்டார். இங்கே இறால் பிடிப்பவர்கள் தடவுவதுபோல, கழுத்துவரை தண்ணீரில் முங்கக் குனிந்து இரண்டு கையாலும் சேற்றைத் துழாவினார். ஒரு நண்டு கிடைத்தது. கரைக்கு வீசிவிட்டு மறுபடி குனிந்தார். ஜனம் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டது. நான் இறங்கவில்லை. அவமானத்தில் கிடாரைக் கட்டிக்கொண்டு கரையிலேயே நின்றேன்; அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறையலாம்போல இருக்கிறது. பேண்ட்காரர் அரை மணி நேரம் பொறுத்தார். அப்புறம் கார் கிளம்பியது. திங்கட்கிழமை நான் மீஞ்சூருக்குக் கிளம்பினேன். இன்னும் அங்கேதான் போய்வருகிறேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் சாவி, செருப்பு, மூக்குக்கண்ணாடி எது காணாமல் போனாலும், "ஏரில தேடிப் பாத்தியா?" என்பார்கள். என் பிள்ளைகளும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் வேறு வழியில்லாமல் சிரிப்பேன்.

நைனா மட்டும் சிரிக்கமாட்டார். "அந்தாளு இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தா எடுத்திருப்பன்டா" என்பார்.