பின்னால் ஓடி வந்தவன்

சும்மா ஓடுகிறவனை இந்த உலகம் நம்பாது. பஸ்ஸைப் பிடிக்க ஓடலாம், அறுத்துக்கொண்டு போன மாட்டைப் பிடிக்க ஓடலாம், நாய்க்குப் பயந்தும் ஓடலாம். அதற்கெல்லாம் ஒரு மரியாதை உண்டு. ஆனால் ஒருவன் வேர்க்க விறுவிறுக்க ஓடிப்போய், போன இடத்தில் ஒரு வேலையும் பார்க்காமல் அப்படியே திரும்பி ஓடி வந்தால், அவனுக்கு மறை கழன்றுவிட்டது என்றுதான் ஊர் முடிவு கட்டும். இன்றைக்குப் பனியனில் நம்பரைக் குத்திக்கொண்டு ஆயிரக்கணக்கில் ஓடுகிறார்கள், ரோட்டோரம் நின்று கைதட்டுகிறார்கள். எண்பதுகளில் ஒரகடத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரே ஆள் நான்தான். எனக்கு யாரும் கைதட்டவில்லை. கல்தான் எடுத்தார்கள் (நாய்க்காம், பிறகு சமாதானம் சொன்னார்கள்).

அப்போது ஹைவேஸ் பக்கம் போல்ட் நட்டு செய்கிற ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. உட்கார்ந்தே அளவு பார்க்கிற வேலை என்பதால் வயிறு மட்டும் பதவி உயர்வு பெற்றுக்கொண்டே போனது. கம்பெனி டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "ஓடணும்பா நீ" என்றார். அவர் ஒரு பேச்சுக்குச் சொன்னதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். முதல் வாரம் விலாவில் குத்தல், இரண்டாவது வாரம் முழங்காலில் வலி. ஒரு நாள் றெக்கை முளைத்த மாதிரி இருக்கும், மறுநாள் அதே ரோட்டில் அதே கால்கள் சிமெண்டு மூட்டையாகிவிடும். ஆனால் எப்போதாவது மூச்சும் காலும் ஒரு தாளத்துக்கு வந்து, ஓடுகிறோம் என்பதே மறந்துபோகும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக நான் எதை வேண்டுமானாலும் இழக்கத் தயாராக இருந்தேன். கல்யாணத்தை இழக்க நேரும் என்று மட்டும் நினைக்கவில்லை.

பெண்ணின் பெயர் ரீட்டா. மாதா கோயிலில் பாட்டுக் குழுவில் முன்வரிசையில் நிற்பாள். அவளுக்காகவே நான் தினமும் சாயங்காலப் பூசைக்குப் போய், பக்திமான் என்று சாமியாரிடம் பெயர் வாங்கியிருந்தேன். அவளுடைய அப்பா சவரிமுத்துவுக்கு ஒரகடம் கூட்டுரோட்டில் சைக்கிள் கடை, வீடு வடக்குப்பட்டில். என் வீட்டார் செங்கல்பட்டிலிருந்து வந்து பெண் கேட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பதில் சொல்வதாக அவர் சொல்லியிருந்தார். இடைப்பட்ட நாட்களில் மாப்பிள்ளை தினமும் தன் கடையைத் தாண்டி ஓடுவதைப் பார்த்துவிட்டார்.

ஒரு நாள் கூப்பிட்டார். "இன்னா தம்பி, டெய்லி எங்க ஓடினுகீறீங்க?"

"எங்கயும் இல்லீங்க. சும்மாதான்."

"போயி இன்னா பண்ணுவீங்க?"

"திரும்பிடுவேங்க."

கோட்டம் விழுந்த ரிம்மைப் பார்ப்பதுபோல என்னை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "அவசரம்னா ஒரு சைக்கிள் எடுத்துக்கலாமே?"

"அவசரம் ஒண்ணும் இல்லீங்களே."

இந்தப் பதிலைச் சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் ரீட்டா கோயில் வாசலில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே என் பக்கம் பார்க்காமல் சொன்னாள்: "காரணமே இல்லாம ஓடுறவன் ஒருநா பொண்ணையும் வுட்டுட்டு ஓடிருவான்னு அப்பா சொல்றாரு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் கால வெச்சிக்கினு சும்மா இருங்க."

சும்மா இருந்தேன், இரண்டு நாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷிப்ட் விட்டு வந்ததும் கால் கேட்கவில்லை. சவரிமுத்துவின் கண்ணில் பட்டால்தானே வம்பு? ஏரிக்குப் பின்பக்கம் ஒரு மண்பாதை போவதைப் பார்த்திருந்தேன். அது எந்த ஊருக்குப் போகிறது என்று யாரையும் கேட்கவில்லை. (கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை, எனக்கு மானமாவது மிச்சமிருக்கும்.)

மாசி மாதம். வெளிச்சம் முழுசாகப் போகவில்லை, ஆனால் ஏரித்தண்ணீரின் மேல் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. பனைமரங்களின் தலை மட்டும் தெரிந்தது, அடி தெரியவில்லை. கொக்கு, காக்கை ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. என் கேன்வாஸ் ஷூ ஒன்றின் அடிப்பாகம் பிய்ந்து, காலை வைக்கும்போதெல்லாம் 'தப்' என்றும் எடுக்கும்போது 'சர்ர்' என்றும் இழுத்தது. அந்த அமைதியில் அது பெரிய சத்தமாக இருந்ததால், கரைமேல் உட்கார்ந்து இரண்டு ஷூவையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். பாதை பூப்போன்ற மணல். வெறுங்காலோடு ஓடினால் ஓடுகிற சத்தம் எனக்கே கேட்கவில்லை.

கொஞ்ச தூரத்தில் புதர்களுக்கு நடுவே செக்கச்செவேலென்று நெருப்பு. செங்கல் சூளை என்று நினைத்தேன். அந்தப் பக்கமெல்லாம் சூளைகள் உண்டுதானே. நெய் வாசனையும் சாம்பிராணி வாசனையும் கலந்து வந்தன. சூளைக்கு எதற்கு நெய் ஊற்றுகிறார்கள் என்று ஒரு கேள்வி எழத்தான் செய்தது. ஓடுகிறவனுக்கு மூளைக்குப் போகவேண்டிய ரத்தமும் காலுக்குப் போய்விடுவதால் பதில் கிடைக்கவில்லை. அப்போது நெருப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கையில் நீளமான கழியோடு ஒரு கறுத்த உருவம் எழுந்து நின்றது.

"யார்றா அது? நில்லு! இப்ப அந்தப் பக்கம் போவாத!"

அப்போதுதான் அது சூளை இல்லை, சுடுகாடு என்று உறைத்தது. நெருப்பில் எரிவது செங்கல் இல்லை என்பதும் கூடவே உறைத்தது. நான் நிற்கவில்லை. கால்கள் என்னைக் கேட்காமலே வேகமெடுத்தன.

அதன் பிறகுதான் அந்தச் சத்தம் பின்னால் கேட்டது. தப்... சர்ர். தப்... சர்ர். என் ஷூதான் சத்தம் போடுகிறது என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டு ஓடினேன்.

பனிக்குள் முன்னால் வெள்ளையாக என்னவோ அசைந்தது. கிட்டே போனால் மனிதர்கள்! ஒருவர் பின் ஒருவராக ஏழெட்டுப் பேர் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்குப் போன உயிர் வந்தது. ஆனால் இன்னும் கொஞ்சம் நெருங்கியதும் வந்த உயிர் மறுபடி புறப்பட்டது. ஒருவரும் பேசவில்லை. எல்லோருடைய வேட்டியும் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அந்தக் குளிரில் யார் முழுகிவிட்டு வருவார்கள்?

"அண்ணே!" என்றேன். ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

"அண்ணே, கொஞ்சம் நில்லுங்க! நானும் வர்றேன்!"

திரும்பவில்லை. ஆனால் எல்லோரும் வேகமாக நடக்கத் தொடங்கினார்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் கல்லறையில் புதைத்துவிட்டு வரும்போது நாங்கள் பத்தடிக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்து அழுதுகொண்டே வருவோம். கொள்ளி வைத்தவர்கள் அப்படி இல்லை. முழுகிவிட்டு, ஈரத்துணியோடு, வீடு போய்ச் சேருகிற வரை திரும்பிப் பார்க்கவே கூடாது. பார்த்தால் போனவர் கூடவே வந்துவிடுவார் என்பார்கள். இது எனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் சுடுகாட்டுப் பக்கமிருந்து ஒரு குரல் "நில்லுங்க, நானும் வர்றேன்" என்று கூப்பிட்டால் முன்னால் போகிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. பின்னால் தப்... சர்ர்.

முன்னால் யாரோ ஒரு பெரியவர் நடுங்கும் குரலில் ஜெபம் சொல்ல ஆரம்பித்தார். "அருள் நிறைந்த மரியே..."

அந்த நேரத்தில் அதைவிட இனிமையான சத்தம் உலகத்தில் வேறில்லை. நம்ம ஆள்! ஜெபமாலையில் ஒருவர் முதல் பாதியைச் சொன்னால் மற்றவர்கள் இரண்டாம் பாதியைச் சொல்ல வேண்டும். பால்குடி மறந்ததிலிருந்து ஊறிப்போன பழக்கம். அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், நானும் மூச்சு வாங்க, பனிக்குள்ளிருந்து அடித்தொண்டையில் முடித்து வைத்தேன்.

"...எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும். ஆமென்."

ஒரு நொடி ஒன்றுமே நடக்கவில்லை. அடுத்த நொடி வேட்டிகளை மடித்துக் கட்டக்கூட நேரமில்லாமல் அத்தனை பேரும் ஓடினார்கள். அப்போதும் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"என்ன வுட்டுட்டுப் போவாதீங்க! தனியா கீறேன்!" என்று கத்திக்கொண்டே துரத்தினேன்.

மாதக்கணக்கில் பயிற்சி எடுத்த நான், என் வாழ்நாளிலேயே மிக வேகமாக ஓடிய நாள் அது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரே ஒரு கிழவரைக்கூட என்னால் முந்த முடியவில்லை. எல்லோருக்கும் முன்னால், இரண்டு கையாலும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, ஜெபம் சொன்னவர் பறந்துகொண்டிருந்தார்.

பனி விலகியது. ஒரு தெரு, பந்தல், பெட்ரோமாக்ஸ் வெளிச்சம், வாசலில் கால் கழுவ வைத்திருந்த தண்ணீர்க் குடம். முன்னால் ஓடியவர் குடத்தைத் தட்டிவிட்டுப் படியில் போய் விழுந்தார். மற்றவர்கள் அவர்மேல் விழுந்தார்கள். வீடு சேர்ந்துவிட்டபடியால் இனிமேல் திரும்பலாம் என்று, எல்லோரும் சேர்ந்து திரும்பினார்கள்.

வெளிச்சத்தில் நான் நின்றேன். அரை டவுசர், வேர்வையில் ஊறிய பனியன், இரண்டு கையிலும் ஷூ. அடியில் கிடந்தவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அந்த நிமிஷமே என்னையும் நெருப்பில் வைத்துவிட மாட்டார்களா என்றிருந்தது.

"யோவ்," என்றார் ஒருவர், "இது நம்ம சவரிமுத்துவாண்ட பொண்ணு கேட்ட பையன்யா."

சவரிமுத்து எழுந்தார். "பொண்ணும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. போடா இங்கேர்ந்து!"

அப்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இறந்துபோன வரதனின் மனைவி அஞ்சலை, அழுது அழுது வீங்கிய முகத்தோடு, கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். நிறுத்த முடியாமல் சிரித்தார்.

"அவுரு இருந்து பாத்திருக்கணும். எழுந்திரிச்சி நட நடன்னாலும் கடைய வுட்டு நவராத மனுசன், இந்த சவரி அண்ணன். ஓட வெச்சிட்டாரே, போற அன்னிக்கு!" என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். முன்பின் தெரியாத அந்த அம்மாவின் காலில் விழலாம் போலிருந்தது.

சவரிமுத்துவின் கோபம் மட்டும் இறங்கவில்லை. "ஜெபம் சொன்ன, சரி. ஏன்டா வரதன மாதிரியே கால இழுத்து இழுத்துக் காட்டின? எங்கள பயமுறுத்தவா? அறுந்த ஷூவ மாட்டிக்கினு..."

வரதனுக்குச் சின்ன வயதிலிருந்தே இடது கால் சரியில்லையாம். டயர் செருப்பை இழுத்து இழுத்து நடப்பாராம். முப்பது வருஷம் சவரிமுத்துவும் அவரும் வடக்குப்பட்டிலிருந்து ஒன்றாகத்தான் கூட்டுரோட்டுக்குப் போய் வந்திருக்கிறார்கள். அந்தச் சத்தம் ஊர் எல்லை வரைக்கும் பின்னாலேயே கேட்டது என்று மற்றவர்களும் சொன்னார்கள்.

பேசிக்கொண்டே வந்த சவரிமுத்து நிறுத்தினார். அவர் கண் என் காலுக்குப் போனது. வெறுங்கால். பிறகு கைக்கு வந்தது.

"எப்ப கழட்டின?"

"ஏரிக்கரையிலயே கழட்டிட்டேங்க" என்றேன். சொல்லும்போதுதான் அது எனக்கே புரிந்தது. வேர்வை அப்படியே குளிர்ந்துபோனது.

பெட்ரோமாக்ஸ் மட்டும் உஸ்ஸென்று எரிந்துகொண்டிருந்தது. எல்லோரும் நான் வந்த பாதையைப் பார்த்தோம். அங்கே பனிதான் இருந்தது.

சவரிமுத்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நண்பனுக்காக அவர் அன்று முழுவதும் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை என்று பிறகு சொன்னார்கள். அப்போது குலுங்கிக் குலுங்கி அழுதார். கடைசியில் என் தோளில் கையைப் போட்டு, "தனியா வந்துகினு இருந்த புள்ளைய, பத்திரமா கொண்டாந்து வுட்டுட்டுப் போயிருக்கான்யா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சரி என்று சொல்லிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை: கல்யாணச் சீராக அவர் கொடுக்கிற சைக்கிளை நான் ஓட்ட வேண்டும். ஓட்டினேன். நானும் ஓடுவதை விடவில்லை, அவரும் "எங்க ஓடினுகீறீங்க?" என்று கேட்பதை விடவில்லை. அந்த மண்பாதையில் மட்டும் பிறகு கால் வைத்ததில்லை. இப்போது அங்கே ஒரு தொழிற்சாலையின் காம்பவுண்டுச் சுவர் ஓடுகிறது, ஷிப்ட் பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. ஏதாவது சத்தம் வந்தாலும் இனி யாருக்கும் கேட்காது.

வரதன் செத்த பிறகு ஜெபம் சொன்ன கதையை மாமனார் எல்லாக் கல்யாணத்திலும் சொல்லிவிடுவார். "உயிரோட இருந்தப்ப வாடா வாடான்னு கூப்ட்டேன், கோயில் வாசப்படி மிதிக்கல. போற வழில பாதி ஜெபத்தக் கரெக்டா சொல்றான்யா!" அது நான் சொன்னது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் கதையில் என்னைச் சேர்க்க மாட்டார். எங்கள் வீட்டிலும் ஜெபமாலையில் முதல் பாதி முடிந்ததும் எல்லோரும் ஒரு நொடி நிறுத்துவோம். "இரு, பின்னாடி வர்றவரு சொல்லட்டும்" என்பாள் ரீட்டா. பிள்ளைகள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

மாமனார் நல்ல வயதில்தான் போனார். அடக்கம் முடிந்து வந்த சாயங்காலம், கூடத்தில் முழங்காலிட்டு ஜெபமாலையைத் தொடங்கினோம். ரீட்டா முதல் பாதியைச் சொல்லி முடித்தாள். பழக்கதோஷத்தில் எல்லோரும் நிறுத்தினோம். "பின்னாடி வர்றவரு சொல்லட்டும்" என்பதை அன்று அவளால் சொல்ல முடியவில்லை.

என் மகன்தான் தலையைத் தூக்காமல் மெதுவாகச் சொன்னான்: "இருங்க. ரெண்டு பேரும் வந்துகினு இருக்காங்க."

முதலில் சிரித்தது ரீட்டா. பிறகு எல்லோரும் சிரித்தோம், தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டாம் பாதியை நான் சொன்னேன். சொல்லும்போது திரும்பிப் பார்க்கவில்லை.