கோயிலுக்குப் போன முன்பதிவுத் தாள்

வாங்குகிறவர், விற்கிறவர் என்ற இரண்டு இனங்களுக்கு நடுவே மூன்றாவதாக ஒன்று உண்டு, ஐயா: ‘அடுத்த மாடல் வரட்டும்’ இனம். பார்க்க ஆசையா? செமிலிங்குக்கு வாருங்கள், தேங்காய் வியாபாரி இருளப்பனைப் பார்க்கலாம்.

காலையில் செமிலிங்கில் தேங்காய் ஏற்ற வேண்டும், சுங்கை பட்டாணியில் இறக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் பிழைப்பு. ஆனால் கைப்பேசியில் அவர் பார்த்துப் பார்த்துப் பூரிக்கும் மின்சாரப் பிக்கப்புகள் இருக்கின்றனவே, அவை நண்டு மாதிரி பக்கவாட்டில் நகரும், ஆற்றில் மிதக்கும், முதலாளியின் முகத்தைப் பார்த்தால்தான் கதவையே திறக்கும். ஒன்றுகூட இன்னும் ரோட்டுக்கு வரவில்லை. வராவிட்டால் என்ன? ஒன்றுக்கு முன்பதிவு செய்து, அந்தத் தாளைத் தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குக் கொண்டுபோய், சக்கரத்துக்கு வைக்கிற எலுமிச்சம்பழத்தைத் தாளின் நான்கு மூலையிலும் வைத்துப் பூசை போட்டவர் அவர். எதை ஏற்றிப் பழத்தை நசுக்குவது என்று தெரியாமல் பூசாரி ராமையா முழித்தார், பாவம்.

அதன்பிறகு இரண்டு தைப்பூசம் போய்விட்டது. வண்டியின் படம்தான் மூன்று தடவை மாறியிருக்கிறது.

பழைய பிக்கப்போ வாரத்தில் இரண்டு நாள் படுத்துக்கொள்ளும். சுங்கை பட்டாணியில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் கவுஸ் பாய் பொறுத்துப் பார்த்தார். ஒரு வெள்ளிக்கிழமை குழம்புக்குத் தேங்காயில்லாமல் திண்டாடியபின், இன்னொரு நாள் தவறினால் வேறு ஆளிடம் எடுத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். பாதி வியாபாரமே அந்தக் கடைதான். இருளப்பனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. பெடோங்கில் ஒரு சாதாரண மின்சாரப் பிக்கப் விலைக்கு நிற்கிறது, நமக்குக் கட்டுப்படியாகும் என்று மனைவி பிரேமாவதி சொல்லிப் பார்த்தார்.

“அதுல ஒன்னுமே இல்ல லா. கண்ணாடியக்கூட கையால சுத்தணும். கொஞ்சம் சபார் பண்ணு, அடுத்த வருசம் நல்லதா வருது.”

சபார், சபார் என்று பொறுத்துப் பொறுத்தே தலை நரைத்த பிரேமாவதி, அந்த வாரமே பெடோங் வண்டிக்குத் தன் பெயரில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பழைய வண்டி ஒரேயடியாகப் படுத்த காலையில், இருளப்பன் அதன் என்ஜின் மூடியைத் திறந்துவைத்து வியர்த்துக்கொண்டிருக்க, வாசலில் வெள்ளையாக ஒன்று வந்து நின்றது. இரண்டு சீட்டு, பின்னால் ஒரு சரக்குத் தட்டு. வேறொன்றுமில்லை. பக்கத்து வீட்டுத் திவாகரனும் பிரேமாவதியும் மூட்டைகளை அதற்கு மாற்றி முடிக்கும்வரை இவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“இதுல என்னா இருக்கு?”

“தேங்கா இருக்கு. ஏறுங்க, பாய் அடுப்பு மூட்டியிருப்பாரு.”

ஏறினார். கவுஸ் பாயின் கடையும் கைவிட்டுப் போகவில்லை.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். உங்கள் வீட்டுத் துணி துவைக்கும் மிஷின் கெட்டுப்போய் எத்தனை மாதம்? எதை வாங்கலாம் என்று நீங்கள் இன்னும் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்கிறீர்கள். அதுவரைக்கும் துணியை யார் துவைக்கிறார்கள்?