சத்தத்தை அணைக்க மறந்த மருமகன் எழுதுவது

மேலப்பாளையம்,
புதன்கிழமை.

உவரியில் கபிரியேல் அண்ணாச்சி வீட்டில் ஒளிந்திருக்கும் என் மாமா, மீன்கடை நாசர் அவர்களுக்கு, மருமகன் டாக்டர் உமர் பாரூக் வெட்கத்தோடு சொல்லும் ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். அங்கே உங்கள் சுகமும், புண்ணின் சுகமும் அறிய ஆவல்.

நீங்கள் போனை எடுக்காததால் இதை மீன் வண்டி டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். என்னோடு படித்த ஒருவன் பித்தப்பைக் கல்லைத் தட்டில் பரப்பி நெட்டில் படம் போட்டே எண்பதாயிரம் பேரைச் சேர்த்துவிட்டான். எனக்கு நானூறு பேர். அதில் பாதி நம் சொந்தம். அந்தப் பொறாமையில்தான் புத்தி கெட்டு உங்கள் மூலவியாதி ஆபரேஷனை வீடியோ எடுத்துப் போட்டேன். கையெழுத்து வாங்கினேன்தான், ஆனால் உங்கள் கண்ணாடியைக் கழற்றிய பிறகு தாளை நீட்டினேன், அது என் அயோக்கியத்தனம். பேரை மறைத்தேன், முகத்தை மறைத்தேன், மற்றதையும் நாகரிகமாக மறைத்தேன். ஆனால் மாமா, மரத்துப்போக ஊசி போட்டது இடுப்புக்குக் கீழேதானே, வாய் மரக்கவில்லையே! "லே உமரு, சம்பந்தி காதுக்கு மட்டும் போயிரக் கூடாதுலே. மீன் எடுக்க உவரி போயிருக்கேம்னு சொல்லியிருக்கேன்" என்று நீங்கள் சொன்னது அட்சரம் பிசகாமல் பதிவாகிவிட்டது. சத்தத்தை அணைக்க மறந்துவிட்டேன். துபாயிலிருந்து ஒருவன், "இது நம்ம மீன்கடை நாசர் மாமா குரலுல்லா?" என்று கேட்டான். பழக்க தோஷம், கை தானாகப் போய் அதற்கு ஒரு ஹார்ட் போட்டுவிட்டது.

அப்புறம் ஊரே பார்த்தது. சம்பந்தியும் பார்த்தார். நீங்கள் நிஜமாகவே உவரிக்குப் போய்விட்டீர்கள். மாமி என்னிடம், "ஒன்னைத் தோளுல தூக்கி வளத்த மனுசனையே சந்தி சிரிக்க வச்சிட்டியே, நீயெல்லாம் டாக்டராலே?" என்றார். நோயாளி நம்பிச் சொன்னதைக் காப்பாற்றத் தெரியாதவன் கத்தியைத் தொடவே கூடாது. வீடியோவை அழித்துவிட்டேன், கணக்கையும் மூடிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ரைஹானத்துக்கு நிக்காஹ். பெற்ற வாப்பா சபையில் இல்லாமல் எப்படி? பிள்ளை அழுதுகொண்டே இருக்கிறாள். என்னை நாலு அறை அறையுங்கள், வாங்கிக்கொள்கிறேன். உட்கார மெத்தையும் நானே கொண்டுவருகிறேன். வந்துவிடுங்கள் மாமா. இனி என் வாயிலிருந்து ஒரு நோயாளியின் ரகசியமும் வெளியே போகாது, அல்லாஹ் மேல் ஆணை.

உங்கள் துஆவுக்கும் அறைக்கும் காத்திருக்கும்,
உமர் பாரூக்.

பி.கு.: சம்பந்தி முகத்தில் எப்படி விழிப்பது என்று தயங்க வேண்டாம். வீடியோவைப் பார்த்துவிட்டு நேற்று பின்வாசல் வழியாக என்னிடம் வந்தார். அவருக்கும் அதேதான், உங்களைவிடப் பெரிசு. நிக்காஹ் முடிந்த மறுநாள் ஆபரேஷன். உங்களுக்கு மட்டும் தெரியவே கூடாது என்று கையைப் பிடித்துக் கெஞ்சினார். நானும் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறேன்.