மேற்படியாருக்கு மூச்சு வாங்க வேண்டும்

சேலம், அம்மாபேட்டை
பவ வருஷம், புரட்டாசி 4

மகா-ராஜ-ராஜ-ஸ்ரீ மச்சான் சென்னிமலை அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை ஜானகியம்மாளின் புருஷன் சண்முகவேல் அநேக நமஸ்காரம். இவ்விடம் எல்லோரும் க்ஷேமம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உங்கள் மருமகன் மணியனைத் தவிர என்று திருத்தி வாசித்துக்கொள்ளவும்.

போன மாதம் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைப் பரிசோதிக்க டாக்டர் வந்தார். பெற்றோரும் வரலாம் என்றார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை பை தூக்கினால் நெஞ்சு தேய்ந்துவிடும் என்பது ஜானகி கட்சி. ஆகவே பையை நான் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். டாக்டர் மணியன் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் சட்டையைக் கழட்டுங்க" என்றார். நமக்கு ஊரில் இருக்கிற மதிப்புக்கு ஒரு மரியாதை போலும் என்று கழற்றினேன். என் நெஞ்சை வெகுநேரம் கேட்டார். அப்புறம் ஒரே சீட்டு எழுதி, நாலாக மடித்துக் கொடுத்தார். அதை மடியில் ஜிலேபிப் பொட்டலத்தோடு செருகியதில் மேல்மடிப்பு பாகில் ஒட்டிக்கொண்டது. பாதகமில்லை, கீழே இருந்ததே போதுமாயிருந்தது: "மேற்படியாருக்கு இருதயத்தில் பலம் குறைவு. தினமும் அரைமணி நேரம் நன்றாக மூச்சு வாங்க வேண்டும்."

ஒரே பிள்ளை, மச்சான். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை; பலகாரம்தான் இறங்கியது.

"ஏனுங்க, மூச்சை எங்கீங்க வாங்கறது? செவ்வாய்ப்பேட்டையில கெடைக்குமுங்களா?" என்று கேட்டாள் ஜானகி. தெரியாது என்று பெண்டாட்டியிடம் சொல்லுகிற ஆளா நான்? செவ்வாய்ப்பேட்டை சின்னண்ணன் மருந்துக்கடையில் போய் நின்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்து, "தனி மூச்சு தீர்ந்துபோச்சுங்க. லேகியத்துல கலந்தது இருக்குது, தரட்டுங்களா?" என்றான். இரண்டு டப்பா வாங்கிவந்தேன். மணியன் ஒரு விரல் நக்கிவிட்டுத் துப்பினான். வீணாக்கலாமா என்று மிச்சத்தை நான் சாப்பிட்டேன்.

பிறகு டிரில் வாத்தியார்தான், சிரித்து முடித்துவிட்டு, "கடையில வாங்கறது இல்லீங்க, ஓடி எளைக்கணும். வளர்ற பிள்ளைகளுக்கு ஓடினாத்தான் நெஞ்சு உரம் ஏறும்" என்றார். சரியென்று தினமும் காலையில் அவனைக் குமரகிரி ஏரிக்கரையில் ஓடவிட்டேன். எங்கே மயங்கி விழுந்துவிடுவானோ என்று கையில் சோடா பாட்டிலோடு பின்னாலேயே நானும் ஓடினேன். பலமில்லாத அந்த இருதயத்தை வைத்துக்கொண்டு அவன் கண்ணுக்கு மறைகிறவரை ஓடிவிட்டுத் திரும்பிவந்து, புளியமரத்தடியில் கிடக்கிற என்னைப் பார்த்து, "அப்பா, எனக்கு இன்னும் மூச்சு வாங்கலீங்க. இன்னொரு சுத்து போய்ட்டு வரட்டுங்களா?" என்பான். கேட்டீர்களா கொடுமையை! பத்து நாளாகியும் பிள்ளைக்கு மூச்சு வாங்கவே இல்லை. வாங்குவதெல்லாம் நான்தான். ஏரிக்குத் தண்ணிக்கு வரும் பொன்னாத்தாள் வேறு, "ஏஞ்சாமி, அந்தப் பையன் என்னத்தத் தூக்கிட்டு ஓடறானுங்க, இந்தத் தொரத்துத் தொரத்தறீங்க?" என்கிறாள். பெற்ற பிள்ளைக்குத் திருடன் பட்டமும் வாங்கிக் கொடுத்தாயிற்று.

ஆகையால் சரஸ்வதி பூஜை லீவுக்கு மணியனை மல்லசமுத்திரத்துக்கு அனுப்புகிறேன். உங்கள் கடலைக்காட்டு வரப்பில் மூச்சு வாங்குகிறவரை விரட்டவும். பலகாரம் கண்ணில் காட்ட வேண்டாம். அழுதால் இரங்க வேண்டாம். "சாமி, கண்ணு" என்று கொஞ்சவே வேண்டாம். அங்கே பெரியவர்களுக்கு வணக்கமும் குழந்தைகளுக்கு ஆசீர்வாதமும், என்னிடம் மூச்சு மிஞ்சியிருக்கிற அளவுக்கு.

தங்கள் விதேயன்,
சண்முகவேல்

பி.கு.: டாக்டர் சீட்டையும் உடன் வைக்கலாமென்று எடுத்து வெயிலில் காட்டினேன். பாகு இளகி மேல்மடிப்பு பிரிந்தது. அதில் எழுதியிருப்பதாவது: "மணியன், வயது 12. இருதயம், மூச்சு இரண்டும் வெகு நேர்த்தி. தகப்பனார் சண்முகவேல், வயது 46." அதற்குக் கீழேதான் "மேற்படியாருக்கு" வருகிறது. ஜானகி என் தோளுக்குப் பின்னால் நின்று முழுவதும் வாசித்துவிட்டாள். எனவே மணியன் வரமாட்டான். நாளைக் காலை பஸ்ஸில் நான் வருகிறேன். பலகாரத்தைப் பற்றி மேலே எழுதியதை அடித்துவிடவும். அழுதால் இரங்கவும்.