கொத்தளத்துக்குக் கீழே ஒரு சாரம்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் எதைக் கேட்டாலும், தெரிகிறதோ இல்லையோ, பதில் சொல்லிவிடுவேன். அதனால் காலி நகரத்துக் கடலோரக் கோட்டையில் பட்ட அவமானத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

செல்வியை எனக்குப் பெண் கேட்டிருந்தார்கள். அவள் அப்பா பிடி கொடுக்கவில்லை. "பையன் எப்படின்னு பழகிப் பாக்கணும்" என்றார். பழகிப் பார்க்கத்தான் இரண்டு குடும்பமும் யட்டியாந்தோட்டையில் வேன் பிடித்துக் காலிக்குப் போனோம்.

கோட்டை மதில்மேல் நடக்கும்போது செல்வியின் அப்பா கேட்டார்: "ஏன் தம்பி, இந்த மதிலு நேரா போகாம அங்கங்க வெளிய துருத்திக்கிட்டு நிக்குதே, எதுக்கு?"

"அது கொத்தளங்க மாமா. காத்துக்கு மறைப்பு. அந்த மூலையில ஒதுங்குனா ஒருத்தருக்கும் தெரியாது."

(எங்கேயும் படித்ததில்லை. வாய் தானாகப் பேசியது.)

செல்வி என்னைப் பெருமையாகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கிறங்கி, மதிலுக்கு வெளியே பாறையில் இறங்கி நின்று செல்ஃபி எடுத்தேன். அலை ஒன்று வந்து இடுப்புவரை நனைத்துவிட்டுப் போனது.

தோள்பையில் மாற்றிக் கட்ட லுங்கி மாதிரி ஒரு சாரம் இருந்தது. நான் சொன்ன பொய்யை நானே நம்பி, மதிலும் கொத்தளமும் சேரும் மூலையில் ஒதுங்கினேன். தேயிலைத் தோட்டத்துப் பீலித் தண்ணீரில் ஊரே பார்க்கக் குளித்து வளர்ந்தவன் நான். சாரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு உடை மாற்றுவதெல்லாம் எனக்கு ஒரு வேலையா? ஈரமானதை எல்லாம் கழற்றிப் போட்டேன்.

"தம்பி, எங்க இருக்கீங்க? சோறு சாப்பிட வாங்க." கொத்தளத்தின் மேலிருந்து மாமாவின் குரல்.

பெரியவர் கூப்பிடும்போது பேசாமல் நிற்கலாமா?

"இந்தா இருக்கேங்க மாமா" என்றேன்.

வாய் திறந்தது. பல்லும்தான் திறந்தது.

என் சத்தம் கேட்டுத்தான் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். கடலைப் பார்த்து நின்றதால் பாதி மானம் மிஞ்சியது. மேலே வெரலுக்காய் அச்சாறு விற்ற சிங்களப் பெண், "மல்லி, சரம, சரம!" என்று, தம்பி சாரம் சாரம் என்பதை அவள் மொழியில் கத்தி, பார்க்காதவர்களையும் பார்க்க வைத்தாள்.

மாமா நிதானமாகச் சொன்னார்: "இப்பதான் வெளங்குது. இங்க நின்னா மதிலுக்கு அடியில எலி வந்தாலும் தெரியுது. ஒளியுறவன புடிக்கத்தான் இப்படிக் கட்டியிருக்கான்."

திரும்பி வரும்போது வேனில், கல்யாணம் போச்சு என்று ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். அவிசாவளை தாண்டியதும் மாமா என் அப்பாவிடம் சொன்னார்: "சாரம் போனாலும் கூப்பிட்ட கொரலுக்குப் பதில் சொல்றான். பொண்ணக் குடுக்கலாம்."

இப்போதும் செல்வி அடுப்படியிலிருந்து கூப்பிடும்போது, "ஏங்க, சாரத்தப் புடிச்சிக்கிட்டு பதில் சொல்லுங்க" என்பாள்.

பிடித்துக்கொண்டுதான் சொல்கிறேன்.