நான் மாற்றிய நான்கு டயர்கள்

அன்புள்ள தம்பிக்கு, அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் சுகம் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவைத் திறந்திருக்கிறேன். ஏதாவது குறை இருந்தால் முதலில் இதைப் படித்துவிட்டுப் பிறகு சொல்லு.

முதலில் நல்ல செய்திகள். பெரிய பேரன் வங்கியில் மேலாளராகிவிட்டான், தனி அறை, கதவில் பெயர்ப்பலகை. இரண்டாவது பேரன் கார் ஓட்டும் தேர்வில் பாஸ், எத்தனையாவது தடவை என்று கேட்காதே. அவன் மகள் ஒன்பது மாதத்திலேயே எழுந்து நின்று, நின்ற சந்தோஷத்தில் உட்கார்ந்துவிட்டாள். நம் வீட்டிலிருக்கும் பேத்தி, அதுதான் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறாளே, அவள் பொம்மைக் கார் கண்காட்சியில் இரண்டாம் பரிசு வாங்கிவிட்டாள். முதல் பரிசு என்னால் போயிற்று. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பொம்மை என்றால் அவளுக்குக் கோபம் வரும். நிஜப் பந்தயக் காரை இருபத்துநாலில் ஒரு பங்காகச் சுருக்கி, துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். அவள் பல் ராவும் அரத்தால் ஒவ்வொரு துண்டையும் ராவி, ஒட்டி, நிறம் அடித்து, நாலு மாதம் அந்த மேஜையிலேயே கிடந்தாள். ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி. வெள்ளிக்கிழமை அவள் வேலைக்குப் போனதும் தூசி தட்டப் போனவள் காரைப் பார்த்தேன். பார்த்தால் நாலு டயரும் மொட்டை! ஒன்றிலாவது ரோட்டைப் பிடிக்கிற பட்டன் இருக்க வேண்டுமே, ஒரு வெட்டு, ஒரு வரி? உன் அத்தான் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினார், கட்டை விரலால் டயரைத் தடவிப் பார்க்காமல் ஒருநாளும் ஏறினதில்லை. பெட்டிக்குள் நல்ல பட்டன் வைத்த டயர் நாலு, உறைகூடப் பிரிக்காமல் கிடக்கிறது. பிள்ளை அவசரத்தில் பழசை மாட்டிவிட்டாள் என்று பரிதாபப்பட்டு, மொட்டையைக் குறடால் பிடுங்கிக் குப்பையில் போட்டேன், குப்பை வண்டியும் அந்த நேரம் பார்த்து வந்து அள்ளிக்கொண்டு போயிற்று, புது டயருக்குத் தாராளமாகப் பசை தடவி மாட்டினேன், நாலாவது டயரோடு என் ஆள்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டது.

மருமகள் மத்தியானம் வந்து பார்த்தாள். "என்ன அத்தை, கையில கார்?"

"சும்மா புடிச்சிக்கிட்டிருக்கேன்."

"எப்பலேர்ந்து?"

"பதினோரு மணிலேர்ந்து."

விரலை எடுக்கச் சோப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தாள், அவள் சிரித்த சிரிப்பில் அதில் பாதி தரையில் கொட்டிவிட்டது. மீதியில்தான் விரல் விடுபட்டது.

சாயங்காலம் பேத்தி வந்தாள். கத்தவில்லை. "பாட்டி, இது வெயில்ல ஓடின பந்தயம். காஞ்ச ரோட்டுக்கு மொட்டை டயர்தான் போடுவாங்க. பட்டன் வச்சது மழைக்கு."

"மழை வராதுன்னு யாரு எழுதிக் குடுத்தா?" என்று நானும் விடவில்லை. அவள் காரை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள் தம்பி. இருபத்தாறு வயசுப் பெண். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலையில் என்ன தோன்றிற்றோ, கார் நிற்கும் அட்டை ரோட்டின்மேல் கண்ணாடி மாதிரி வார்னிஷை ஊற்றிக் குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்க வைத்தாள். அதையே ஊசி முனையால் தொட்டுக் கார் முழுக்கத் துளித் துளியாக வைத்தாள். "பந்தயத்தையே மாத்திட்டேன் பாட்டி. இப்ப மழை கொட்டுது," என்றாள். கண்காட்சியில் நடுவர் பூதக்கண்ணாடியோடு குனிந்தவர் நிமிரவே இல்லை. ரோட்டைத் தொட்டுவிட்டு விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார், ஈரமே இல்லாமல்! எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம்தான் கேட்டார்: "பின் டயர்ல யாரோ கைரேகை இருக்கேம்மா?"

"அது எங்க மெக்கானிக்கோடது சார்," என்றாள் இவள். என் பக்கம் கையை வேறு காட்டினாள். அந்த ரேகைக்குத்தான் முதல் பரிசு போயிற்று. வீடு திரும்பும்வரை என் அந்த விரலையே பிடித்துக்கொண்டு வந்தாள்.

இனி அவள் மேஜைப் பக்கம் போவதில்லை, தூசிகூடத் தட்டுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். இது உறுதி. உனக்கும் உன் வீட்டுக்காரிக்கும் என் ஆசிகள், முழங்கால் வலி நீங்க அவளுக்குக் கொஞ்சம் கூடுதலாக.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: மேலே உறுதி என்று எழுதியதை அடித்துவிடு. கடிதத்தை ஒட்டுவதற்குள் அடுத்த பெட்டி வந்துவிட்டது. பழங்காலத்துக் கார், கூரை கிடையாது, ஓட்டுகிறவன் தலை வெளியே தெரிகிறது. மூஞ்சிக்கு நிறம் பூசும் வேலை என்னுடையதாம், நாற்காலிகூடப் போட்டுவிட்டாள். "யார் மூஞ்சி பாட்டி?" என்றாள். என் தம்பியைத் தவிர யார் என்று சொல்லிவிட்டேன். நீ கடைசியாக அனுப்பிய படத்தில் தும்மிக்கொண்டிருக்கிறாய், அந்த மூஞ்சியோடு வண்டி ஓட்டினால் ஊர் தாங்காது. மீசையைச் சீவிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, புதுப் படம் ஒன்று எடுத்து உடனே தபாலில் போடு.