ட்ரயல் அண்ணன் நடத்திய அயர்லாந்து

இந்தப் பூமிக்கு ஒரு நடை முன்கூட்டியே வந்து, தண்ணீர் எப்படி, ஆட்கள் எப்படி என்று விசாரித்துப் பார்த்து, பிடித்திருந்ததால் பிறந்த மனிதர் யாராவது உண்டென்றால் அது எங்கள் தெரு ட்ரயல் அண்ணன்தான். வேறு எந்த விதமாகவும் அவர் பிறக்கச் சம்மதித்திருக்க மாட்டார்.

தொழில் மாட்டுத் தரகு. வாரம் தவறாமல் வேலந்தாவளம் சந்தையில் நிற்பார். மற்ற தரகர்கள் மாட்டை விற்றுக் கொடுப்பார்கள். இவர் விற்கவிடாமல் நிறுத்துவதில் பேர் போனவர். கறவை மாடு வாங்க வந்தவர் சாயங்காலம் ஒரு தடவை, மறுநாள் காலையில் ஒரு தடவை தன் கையாலேயே கறந்து பார்த்தாக வேண்டும். "ஒரு நேரத்துப் பாலைக் காட்டி யாரு வேணா ஏமாத்தலாமுங்க. ரெண்டு நேரம் கறந்து பாருங்க, அப்பறம் கவுத்தப் புடிங்க" என்பார். இப்படியே பாதி வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டார். மீதிப் பாதி அவரை நம்பித்தான் நடந்தது.

சந்தையோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கட்டில் வாங்கப் போனால் கடையிலேயே மத்தியானத் தூக்கம் போட்டு எழுந்து, புரண்டு படுத்தால் முனகுகிறது என்று வெறுங்கையோடு திரும்புவார். பாலக்காட்டுப் பக்கத்து எங்கள் சித்தூருக்குப் புதிதாக ஒரு டாக்டர் வந்தபோது, உடம்புக்கு ஒன்றும் இல்லாமலேயே டோக்கன் எடுத்து உள்ளே போனார். திரும்பி வந்து தெருமுனை டீ பேக்கரி வாசலில் எல்லோருக்கும் கேட்கும்படி தீர்ப்புச் சொன்னார்.

"நல்ல டாக்டருங்க. எனக்கு ஒண்ணுமில்லீன்னு கரெக்டாக் கண்டுபுடிச்சுட்டாரு."

அதே டாக்டர் பிற்பாடு சர்க்கரையைக் கண்டுபிடித்து, தினமும் இன்சுலின் போடச் சொன்னார். முட்டும் காளையின் மூக்கணாங்கயிற்றைப் பிடிக்கிறவருக்கு ஊசியைக் கண்டால் ஆகாது. என் மனைவி ரேவதி பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதனால் காலையில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, சட்டையைத் தூக்கிப் பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்பார். பயம் தெரியாமலிருக்கத் தினமும் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"ஏனுங்க அம்மணி, விசேஷம் ஏதாச்சும் உண்டுங்களா?"

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. எங்கள் தெருவில் இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் கைக்குழந்தைகள் மட்டும்தான். பால் வாங்கப் போனாலும் கேட்பார்கள், பஸ்ஸுக்கு நின்றாலும் கேட்பார்கள். எல்லாம் பிரியத்தில் கேட்பதுதான். ரேவதியும் சிரித்துக்கொண்டே "இல்லீங்கண்ணா" என்று சொல்லி ஊசியை எடுத்துவிடுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் அவளுக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்தது. மாசக் கடைசிக்குள் வருகிறோமா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். அவளுக்குப் போக ஆசை. எனக்கு இல்லை. நான் சித்தூரில் எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். அந்த ஊரில் யார் வீட்டுக் கிணற்றில் மோட்டார் எரியப் போகிறது? நானும் முடியாது என்று சொல்லவில்லை, அவளும் போயே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தோம்.

தெரு சும்மா இருக்குமா? பேக்கரியில் கட்சி பிரிந்துவிட்டது. சம்பளம் இங்கத்ததைவிடப் பல மடங்கு எச்சா என்றது ஒரு கட்சி. வாடகையே அதைத் தின்றுவிடும் என்றது இன்னொன்று. அங்கே கரண்டே போகாது என்று ஒருவர் சொன்னால், தேங்காயும் கிடைக்காது என்று அடுத்தவர் பயமுறுத்தினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ட்ரயல் அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"பாக்காத மாட்டுக்கு ஆளாளுக்குப் பல்லு எண்ணிட்டிருக்கீங்க. ஒரு வாரம் இங்கயே அயர்லாந்து ஓட்டிப் பாத்துருவமுங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. பொள்ளாச்சியில் யாரோ ஒருவரின் மருமகன் அங்கே இருந்துவிட்டு வந்தவன் என்று கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போய் அரை நாள் விசாரித்தார். மறுநாள் தெருவையே கூட்டி நிறுத்திச் சட்டம் போட்டார்.

"இன்னையிலிருந்து இவங்க ரெண்டு பேரும் இந்தத் தெருவுல இல்லீங்க. அயர்லாந்துல இருக்கறாங்க. நம்மெல்லாம் அந்த ஊருச் சனம். பாத்தா சிரிக்கலாம், பல்லு மட்டும். பேசோணும்னா மழை, வெயிலு, குளுரு, அவ்வளவுதான். சொந்த விசயம் ஒண்ணுங் கேக்கப்படாது. கொழம்பு குடுத்துடப்படாது. போன் பண்ணாம ஊட்டுக்குள்ள காலு வெக்கப்படாது."

"நீங்களுமாங்கண்ணா?" என்று ரேவதி கேட்டாள்.

"நானுந்தானுங்க அம்மணி. ஊசி மட்டும் போட்டுக்கறன். வாயத் தொறக்க மாட்டன்."

எனக்குக் கடையை அடைக்க உத்தரவு. மனைவி வேலைக்குப் போக, நான் சமைத்து, துவைத்து, கூட்டிப் பெருக்க வேண்டும். அங்கே குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடுமாம் என்று நாலு மணிக்கு வந்து ஜன்னலையெல்லாம் வெளியிலிருந்து சாத்தினார். பங்குனி வெயிலில் அந்த வீட்டுக்குள் நான் வெந்த வேக்காட்டை அயர்லாந்துக்காரன் எவனும் அனுபவித்திருக்க மாட்டான். குளிருக்கும் வழி வைத்திருந்தார். ஐஸ்கிரீம் மொத்த வியாபாரி ஒருவரிடம் சொல்லி, என்னை அவருடைய குளிர் அறைக்குள் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். வெளியே வந்து நான் தும்மிய தும்மலைப் பார்த்து, சுழி சரியில்லாத மாட்டைப் பார்ப்பதுபோலத் தலையை ஆட்டினார்.

தெரு சட்டத்தைக் காப்பாற்றியதுதான் ஆச்சரியம். ஒருநாள் நான் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோய் அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மாடித் தொட்டி நிறைந்து வழிந்து, சுவரில் இறங்கி, வாசலில் ஆறாக ஓடியது. எதிர்வீட்டுக்காரர்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள். பல்லைக் காட்டினார்கள். ஒருவர்கூடச் சொல்லவில்லை, அது சொந்த விஷயமாயிற்றே. கடைசியில் பக்கத்து வீட்டு அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. சட்டத்தையும் மீறாமல் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று சத்தமாகச் சொன்னார்.

"இன்னைக்கு நல்ல மழைங்க. உங்கூட்டு மேல மட்டும்!"

அண்ணனும் சொன்ன சொல் தவறவில்லை. விடியும் முன்பே வந்து, "நல்ல வெயிலுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, உதட்டை இறுக்கி மடித்துக்கொண்டு ஊசி போட்டுக்கொண்டு போனார். பேசாமல் குத்திக்கொள்வதற்கு அவர் பட்ட பாட்டைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது.

வாரம் முடிந்தது. அன்று சாயங்காலம் எங்கள் வாசலில் தெருவே கூடியிருந்தது. அண்ணன் முதலில் என்னைக் கேட்டார். நான் ஒரு மூச்சு அழுது தீர்த்தேன். பேச்சுத் துணையில்லை, சோறு குழைந்தது, மூக்கு அடைத்தது, ஆள் பாதியாகிவிட்டேன் என்றேன். அண்ணன் முகத்தில் சந்தோஷம் தாங்கவில்லை. ரேவதி போய்விட்டால் அவருக்கு ஊசி போட ஆளில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேலாக, அவளைக் கூடப்பிறந்த தங்கச்சியாகவே நினைத்திருந்தார்.

"பாத்தீங்களா, மாடு ஒதைக்குது. அம்மணி, நீங்க சொல்லுங்க. எப்படி இருந்துச்சு?"

"நெம்ப நல்லா இருந்துச்சுங்கண்ணா."

தெரு சிரித்தது. அண்ணனும் சிரித்தார். "அப்படி என்னங்க நல்லா இருந்துச்சு?"

ரேவதி சிரிக்கவில்லை. "ஒரு வாரமா என்ன யாரும் விசேஷம் உண்டான்னு கேக்கலீங்கண்ணா. பஸ்ஸுக்கு நிம்மதியா நின்னேன். ஆறு வருஷத்துல இந்த ஒரு வாரந்தான் அழுகாம வேலைக்குப் போனேன்."

அவள் தினமும் அழுதுகொண்டு போனது எனக்கே அப்போதுதான் தெரியும். பக்கத்து வீட்டு அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ரேவதிக்கு நேராக வந்து நின்றார்.

"எல்லாருக்கும் முன்னால கேட்டவன் நாந்தானுங்க" என்றார். "குத்தம் அந்த நாட்டு மேல இல்லீங்க அம்மணி. எங்க வாயி மேலதான். நீங்க போங்க. தம்பி தும்மிட்டே வரட்டும்."

எனக்கு அதற்கு மேல் ஒரு வாதமும் இருக்கவில்லை. மறுநாளே வருகிறோம் என்று எழுதிப் போட்டோம்.

நாங்கள் கிளம்பும் வரை அண்ணன் ஊசி பழகினார். முதலில் சாத்துக்குடியில் குத்தினார், பிறகு வாழைத்தண்டில். தெருவில் யார் வீட்டுப் பழத்தை உரித்தாலும் ஒரு துளை இருந்தது. கடைசி நாள் காலையில் வழக்கம்போல வாசலுக்கு வந்தவர், ரேவதி நீட்டிய கையைத் தள்ளிவிட்டு, இந்தத் தடவை கண்ணை மூடாமல் தன் வயிற்றில் தானே போட்டுக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஊசி வலி என்று சொன்னார். நாங்களும் அப்படியே வைத்துக்கொண்டோம்.

இங்கே வந்து பார்த்தால் அண்ணனின் அயர்லாந்தில் பாதி தப்பு. நாங்கள் வந்த வாரமே பக்கத்து வீட்டுப் பாட்டி கேக் கொண்டுவந்து கொடுத்தார். தேங்காய் கிடைக்கிறது, நம் ஊர் விலையை நினைக்காமல் வாங்க வேண்டும். எனக்கு ஒரு கிடங்கில் மோட்டார் பழுது பார்க்கும் வேலை. குளிர் மட்டும் அவர் சொன்னதற்கு மேலேயே இருக்கிறது. தெருவை நினைத்து ஏங்காத நாள் இல்லை, திரும்பிப் போகலாம் என்று நினைத்த நாளும் இல்லை. நல்லது எது, கெட்டது எது என்று இன்னும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வார். இங்கத்து மாடு என்ன தின்கிறது, எத்தனை லிட்டர் கறக்கிறது, ஊசி சரியாகப் போடுகிறேன் என்று வரிசையாகப் பேசுவார். அந்த ஒன்றை மட்டும் கேட்டதே இல்லை. சில நேரம் வாய் வரைக்கும் வந்துவிடுவது எங்களுக்குத் தெரியும். தொண்டையைச் செருமிக்கொண்டு, புல்லு என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டுவிடுவார்.

அப்படி ஒரு நல்ல சேதி எப்போதாவது வந்தால் முதல் போன் அண்ணனுக்குத்தான் என்று ரேவதி சொல்லி வைத்திருக்கிறாள். அவளுடைய அம்மாவுக்கே அதற்கு அப்புறம்தான்.